அடுப்பைத் தூக்கிக்கொண்டு போன ஞாயிறு

எனக்குக் கோபம் வரும் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. கீரனூரில் முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தேன். என்னிடம் படித்தவர்கள் இன்று போலீஸ்காரர்களாகவும் டாக்டர்களாகவும் இருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டில் என்னைக் கண்டால் இன்னமும் கையில் இருக்கும் சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகிறார்கள். (டாக்டர்கள்தான் அதிகம்.) இதில் எனக்கு வருத்தம் கிடையாது. கோபம் இல்லாமல் எட்டாம் வகுப்புக்கு அல்ஜீப்ரா நடத்த முடியாது.

ஆனால் பட்ட கோபங்களில் ஒன்றே ஒன்றை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் காது சூடாகிறது. அது அடுப்படி சம்பந்தப்பட்டது.

பத்து வருஷத்துக்கு முன்னால் நடந்தது. அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. புத்தி வந்திருக்க வேண்டிய வயதுதான்.

எங்கள் வீட்டு அடுப்பு மேடை பழைய கடப்பாக்கல். கட்டியபோது யாரோ ஒரு குள்ளமான கொத்தனார் தன் இடுப்பு உயரத்துக்குப் போட்டுவிட்டுப் போயிருந்தார். குனிந்து குனிந்து என் முதுகு வில்லாகிவிட்டது. சிங்க் கதவுக்குப் பின்னால் இருந்தது. யார் கதவைத் திறந்தாலும் பாத்திரம் கழுவுகிறவர் முதுகில் இடிக்கும். இடிப்பவர் பெரும்பாலும் என் வீட்டுக்காரர். இடித்துவிட்டு, "நீ இங்கதான் இருக்கியா?" என்று கேட்பார். (இருபது வருஷமாக நான் வேறெங்கே இருந்தேன் என்பது அவருக்குத்தான் வெளிச்சம்.) அந்த வருஷம் மகள் பவித்ரா காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இடித்துக் கட்ட இதைவிட நல்ல நேரம் வராது என்று முடிவெடுத்தேன்.

கொத்தனார் பெயர் சவரிமுத்து. ஆவூர்ப் பக்கத்துக்காரர். மெலிந்த மனுஷர். நாம் பேசும்போது கையைக் கட்டிக்கொண்டு, கோயிலில் பிரசங்கம் கேட்பது போலத் தலையைச் சாய்த்துக் கேட்பார். அந்தத் தலைச் சாய்ப்பில்தான் நான் ஏமாந்தேன்.

"பத்து நாள் வேல டீச்சர். பதினொன்னாம் நாளு புது மேடையில நீங்க காபி போட்டு எனக்கு ஒரு டம்ளர் குடுப்பீங்க பாருங்க" என்றார்.

முதல் நாள் இடித்தார். அழகாகத்தான் இடித்தார். பதினோரு மணிக்குக் கடப்பாக்கல் கீழே வந்தது. பதினொன்றேகாலுக்குச் சுவருக்குள் இருந்த பழைய தண்ணீர்க் குழாய் உடைந்தது. அது துருப்பிடித்துப் போய், சுவர் தாங்கியதால்தான் அத்தனை நாள் நின்றிருக்கிறது. தண்ணீர் அடுப்படியைத் தாண்டி, ஹாலைத் தாண்டி, வாசலுக்கு வந்து தெருவை எட்டிப் பார்த்தது. தண்ணீரை அடைக்கும் வால்வு எங்கே இருக்கிறது என்று வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். அவர் திருச்சியில் ஆபீசில் இருந்தார்.

"வால்வா? நம்ம வீட்ல வால்வு இருக்கா?" என்றார்.

மூன்றாம் நாள் அடுப்படி வாசலின் மர நிலையைச் சவரிமுத்து சுத்தியலால் லேசாகத் தட்டினார். சுத்தியல் உள்ளே போய்விட்டது. மரத்தைக் கறையான் தின்று முடித்து எத்தனை காலம் ஆயிற்றோ, வெளியே பெயின்ட் மட்டும்தான் நிலை மாதிரி நின்றுகொண்டிருந்தது. ஐந்தாம் நாள் சிங்க் வந்தது. அதற்காக விட்ட இடத்தைவிட அது நாலு விரற்கடை பெரியது. எப்படி அளந்தீர்கள் என்று கேட்டேன். சவரிமுத்து தன் வலது கையை விரித்து சாண் போட்டுக் காட்டினார். அந்தக் கையை நான் பார்த்த பார்வையில் அவர் அதை மடக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஆறாம் நாள் அவர் வரவில்லை.

போன் செய்தேன். மச்சான் தவறிவிட்டார் என்றார். பெரிய விஷயம், ஒன்றும் சொல்லவில்லை. நாலு நாள் கழித்து அவர் எண்ணுக்கு அடித்தால் வேறொரு குரல் எடுத்தது. "நான் அவரு மச்சான் பேசுறேங்க, அவரு குளிக்கப் போயிருக்காரு" என்றது. இறந்து நாலு நாளான மச்சானிடம் நான் என்ன பேச முடியும்? போனை வைத்துவிட்டேன். இருபது வருஷமாக லீவு லெட்டர் படித்த எனக்கே இந்தக் கதி.

பிறகு சவரிமுத்துவே கூப்பிட்டார். "கிரானைட் கல்லு வரணும் டீச்சர். அது வராம நான் வந்து என்ன செய்யிறது? கல்லு எறங்குன அன்னைக்கு ஒரு போன் போடுங்க, அடுத்த நிமிசம் நிப்பேன்" என்றார். அது நியாயமாகத்தான் பட்டது. அந்தக் கல்லைப் புதுக்கோட்டை ரோட்டில் ஒரு கடையில் நானே பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். கறுப்பில் பழுப்புப் புள்ளி. ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு ஓடி, நுனியில் கோழிக்கால் மாதிரி மூன்றாகப் பிரிந்திருக்கும். கடைக்காரர் அறுத்து அனுப்புகிறேன் என்றவர், அறுத்துக்கொண்டே இருந்தார்.

மூன்று வாரம் ஹாலில், டிவிக்குக் கீழே ஸ்டவ்வை வைத்துச் சமைத்தேன். பாத்திரம் கழுவுவது பாத்ரூமில். தாளித்தால் திரைச்சீலை மணக்கும், மெத்தை மணக்கும், பீரோவுக்குள் பட்டுப்புடவை மணக்கும். ஒருநாள் ஒன்பதாம் வகுப்பில் போர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது பின் பெஞ்சிலிருந்து, "டீச்சர் வீட்ல இன்னைக்குப் பூண்டுக் குழம்பு" என்று ஒரு குரல் வந்தது. சொன்னது சரியான விடை என்பதால் யார் என்று தேடவில்லை.

மீன், கருவாடு எதையும் வீட்டுக்குள் விடக் கூடாது என்று கட்டளை போட்டிருந்தேன். என் வீட்டுக்காரர் பாவம், கருவாட்டுக் குழம்பு இல்லாமல் ஒரு ஞாயிறு கழித்தவரில்லை. மூன்று ஞாயிறு ரசத்தை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார். சாப்பிடும்போது தட்டைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

"ஏங்க, நீங்களாவது அந்த ஆளுக்குப் போன் பண்ணிக் கேக்கக் கூடாதா?" என்பேன்.

"பொறுமையா இரும்மா. வந்துருவாரு" என்பார்.

இந்த 'பொறுமையா இரு' என்ற சொல்லைக் கண்டுபிடித்த ஆள் நிச்சயம் ஒரு நாளும் சமைத்திருக்க மாட்டான்.

நாலாவது வாரம் சனிக்கிழமை, பள்ளிக்கூடத்தில் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருந்தேன். ஆவூரிலிருந்து வரும் தமிழ் டீச்சர் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னார்: "ஒங்க கொத்தனாரு எங்க ஊருக்கு வர்ற வழியில ஒரு புது வீட்ல வேல பாக்குறாரு டீச்சர். என்னா சுறுசுறுப்பு."

சுறுசுறுப்பு என்கிற அந்த வார்த்தைதான். ஏதோ வேலை பார்க்கிறார் என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். நான் அப்போதே சவரிமுத்துவுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. சாயங்காலத்துக்குள் பதினோரு தடவை அடித்தேன். எடுக்கவே இல்லை.

மறுநாள் காலையில் நானே சந்தைப் பக்கம் போய் நெத்திலிக் கருவாடு வாங்கினேன். கத்திரிக்காய், மாங்காய், சின்ன வெங்காயம் நறுக்கி டப்பாக்களில் போட்டேன். புளியைக் கரைத்துத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றினேன். சோறு வடித்துத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டேன். ஒற்றை ஸ்டவ்வையும் சின்ன சிலிண்டரையும் வாசலுக்குக் கொண்டுவந்தேன்.

"எங்க போறோம்?" என்றார் வீட்டுக்காரர். முந்தின வாரம் வந்த காய்ச்சல் விட்டுப்போன முகம்.

"சமைக்க."

"எங்க?"

"அந்த ஆளு எங்க வேல பாக்குறானோ அங்க. அவன் வந்து நம்ம மேடையப் போடுற வரைக்கும் தெனமும் அவன் கண்ணு முன்னாடிதான் சமையல். நாலு பேரு பாக்கட்டும்."

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார். (அந்த வாயை அவர் மூடாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது.)

ஸ்கூட்டரை ஓட்டியது நான். கால் வைக்கும் இடத்தில் சிலிண்டர். பின்னால் அவர், மடியில் ஸ்டவ், ஒரு தோளில் பை, மறு தோளில் சாக்குப் பை. வழியில் தெரிந்தவர்கள் இரண்டு பேர், "டூரா டீச்சர்?" என்று கேட்டார்கள். ஆவூர் வரைக்கும் என்ன பேச வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். வாசலில் ஒரு வேப்பமரம் இருந்தால் அதன் கீழே அடுப்பை வைப்பது என்பதுதான் திட்டம். உள்ளே போகும் எண்ணம் எனக்குக் கிடையாது. இதை நான் கடைசி வரைக்கும் சொல்லிப் பார்த்தேன், யாரும் காதில் வாங்கவில்லை.

வீடு ரோட்டை ஒட்டி இருந்தது. வெள்ளை வெளேரென்று இருந்தது. வாசலில் சவரிமுத்துவின் பைக். கதவு திறந்திருந்தது. கூப்பிட்டேன். பதில் இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் எங்கோ போயிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. எட்டிப் பார்க்கலாம் என்று ஒரு அடி உள்ளே வைத்தேன். அங்கிருந்தே அடுப்படி தெரிந்தது.

மேடையில் பளபளவென்று கிரானைட். கறுப்பில் பழுப்புப் புள்ளி. கிட்டே போனேன். ஓரத்தில் வெள்ளைக் கோடு. நுனியில் கோழிக்கால்.

எனக்குக் கண் இருண்டது. என் கல். மூன்று வாரமாக ஹாலில் நான் குந்தி உட்கார்ந்து சமைத்துக்கொண்டிருக்க, என் கல்லைக் கொண்டுவந்து இங்கே பதித்துவிட்டு, கல் வரவில்லை என்று எனக்கே போனில் சொல்லியிருக்கிறான்.

"ஏங்க, இங்க வாங்க. இது யாரு கல்லு?"

வீட்டுக்காரர் ஸ்டவ்வைக் கட்டிப் பிடித்தபடி வந்து பார்த்தார். "நம்ம கல்லு மாதிரிதான் இருக்கு" என்றார். அப்புறம் நெற்றியைச் சுருக்கினார். "ஆனா..." என்றார்.

"ஆனாவும் இல்ல ஆவன்னாவும் இல்ல. ஸ்டவ்வ இதுமேல வைங்க."

"நிலையில மஞ்சக் குங்குமம் வச்சுருக்காங்கம்மா. புது வீடு. வெளியில வச்சுச் சமைப்போமே."

"வீடு யாரு வீடோ. கல்லு என் கல்லு. என் கல்லுல நான் சமைக்க யாருகிட்டக் கேக்கணும்?"

வைத்தார். பற்றவைத்தேன். நல்லெண்ணெய் காய்ந்து, வெந்தயமும் சின்ன வெங்காயமும் பூண்டும் போட்டு வதக்கினேன். கோபத்தில் வதக்கினால் வெங்காயம் சீக்கிரம் வதங்குகிறது. மேடை என் இடுப்புக்குச் சரியான உயரத்தில் இருந்தது, அது வேறு எரிச்சலாக இருந்தது. எல்லாம் கொதித்து வந்ததும் வெந்நீரில் அலசிய நெத்திலியை உள்ளே போட்டேன். அந்த வீட்டில் ஜன்னல் கதவுகள் எல்லாம் பிளாஸ்டிக் தாள் ஒட்டி மூடியிருந்தன. புகைக்கென்று விட்ட ஓட்டையில் அட்டை சொருகியிருந்தது. வாசனைக்குப் போக வேறு வழி இல்லை. அது ஹாலுக்குப் போய், படுக்கை அறைக்குப் போய், சாமி அறைக்கும் போனது.

வீட்டுக்காரர் முதலில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். குழம்பு கூடி வர வர அவர் முகம் மாறியது. மூன்று ஞாயிற்றுக்கிழமை ரசம் சாப்பிட்ட மனுஷர். தட்டை எடுத்தார். சோற்றைப் போட்டார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குழம்பை ஊற்றிப் பிசைந்து, ஒரு வாய் வைத்துக் கண்ணை மூடினார்.

"உப்பு மட்டும் கொஞ்சம்" என்றார்.

அப்போதுதான் வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

இறங்கியது ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் பூஜைச் சாமான் கூடை. பின்னால், பூஜைக்கு இடம் பார்க்க வந்த ஒரு ஐயர். அந்தப் பெண் பேர் வளர்மதி என்று பிறகு தெரிந்தது. ஐயர் வலது காலை எடுத்து நிலைப்படிக்கு உள்ளே வைத்தார். மூக்கு எதையோ உணர்ந்தது. வைத்த காலை எடுத்து வெளியே வைத்துக்கொண்டார்.

வளர்மதி அடுப்படி வாசலில் வந்து நின்றாள். மேடையைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள், தரையில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தாள்.

"யாருங்க நீங்க?"

"நீங்க யாரு?" என்றேன் நான். அடுத்தவர் வீட்டுக்குள் நின்றுகொண்டு வீட்டுக்காரியைக் கேட்டேன்.

"இது எங்க வீடுங்க."

"வீடு ஒங்க வீடா இருக்கலாம். இந்தக் கல்லு எங்க கல்லு. ஒங்க கொத்தனாரு எங்க கல்லத் தூக்கியாந்து இங்க ஒட்டிருக்காரு. எங்க வீட்ல அடுப்படி மூணு வாரமா இடிஞ்சு கெடக்கு."

"என்ன பேசுறீங்க? நானே கடையில நின்னு பாத்து வாங்குன கல்லு இது."

"இந்தக் கோழிக்காலப் பாருங்க. நான் பாத்து வச்ச கல்லுல இதே எடத்துல இருந்துச்சு."

இப்படிக் கோழிக்காலை நான் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தபோது சவரிமுத்து வாயில் பல்குச்சியோடு உள்ளே வந்தார். என்னைப் பார்த்ததும் பல்குச்சி கீழே விழுந்தது.

"வாங்க சவரிமுத்து. இது யாரு கல்லு?" என்றேன், ஹெட்மாஸ்டர் அறையில் நிற்க வைத்துக் கேட்கும் குரலில்.

"இது வளர்மதியக்கா கல்லு டீச்சர்."

"அப்ப என் கல்லு எங்க?"

"ஒங்க வீட்லதான்."

"எங்க வீட்லயா?"

"போன பொதங்கெழமையே வந்து எறங்கிருச்சே டீச்சர். கடக்காரரு எனக்குப் போன் பண்ணிச் சொன்னாரு. சார்தான் கூட நின்னு எறக்குனாராம். ரெண்டும் ஒரே பாறையில அடுத்தடுத்து அறுத்தது, அதான் ரெண்டுலயும் ஒரே மாதிரி கோடு ஓடும். சாருக்கு நான் அன்னைக்கே போன் அடிச்சு, வாரேன்னு டீச்சருகிட்டச் சொல்லுங்க சார், ஆவூர் வேல முடிச்சுட்டுத் திங்கக்கெழம காலையில நிப்பேன்னு சொன்னேனே."

எல்லாரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தோம். ஐயர்கூட வாசலிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தார். அவர் கையில் ஒரு உருண்டை சோறு பாதி வழியில் நின்றது.

"அன்னைக்குக் காய்ச்சல்னு லீவு போட்டு வீட்ல இருந்தேன்ல" என்றார். "கொல்லையில செவுத்துல சாத்தி, சாக்குப் போட்டு மூடி வச்சேன். நீ வந்ததும் சொல்லணும்னுதான் இருந்தேன்."

"ஏன் சொல்லல?"

"நீ வரும்போதே கோவமா வந்த. சரி, கோவம் தணியட்டும், அப்புறம் சொல்லுவோம்னு இருந்தேன்." கொஞ்ச நேரம் யோசித்தார். "அது தணியவே இல்லையேம்மா."

"நீங்க ஏன் போன எடுக்கல?" என்று சவரிமுத்துவிடம் திரும்பினேன்.

"பயமா இருந்துச்சு டீச்சர்" என்றார் அவர்.

அந்த இடத்தில் நான் உண்மையிலேயே எரிந்துகொண்டிருந்தேன். யார் மேல் என்று தெரியவில்லை, அதுதான் கஷ்டம். வழக்கமாக எனக்கு அது உடனே தெரிந்துவிடும்.

வளர்மதி கூடையைக் கீழே வைத்தாள். போய் ஹால் படியில் உட்கார்ந்தாள். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். அவள் அழுதாள்.

"ரெண்டு வருசமாக் கட்டுறேங்க, ஒத்த ஆளா. அவரு குவைத்துல இருக்காரு. வியாழக்கெழம வாராரு, வெள்ளிக்கெழம பால் காய்ச்சணும். மொத மொத இந்த அடுப்படியில பால்தான் பொங்கணும்னு, வேல நடக்கும்போது ஒரு டீகூட உள்ள போட விடல. வேலையாளுகளுக்கு ரோட்டுக்கு அங்கிட்டுக் கடையில வாங்கிக் குடுத்தேன். நீங்க வந்து கருவாடு காய்ச்சிருக்கீங்க."

நான் இருபது வருஷமாகப் பிள்ளைகளை முட்டிபோட வைத்திருக்கிறேன். முட்டிபோடுவது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. எனக்கும் இது தெரியாத விஷயம் இல்லை. பால் காய்ச்சாத வீட்டில் யாராவது காபி நீட்டினால்கூட வாங்க மாட்டேன், சாஸ்திரம் பேசுவேன். நிலையில் மஞ்சள் குங்குமத்தை என் கண்ணும் பார்த்தது. பார்த்தும் உள்ளே போனேன்.

"தப்புதாங்க. மன்னிச்சுக்கங்க" என்றேன். அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பழக்கம் இல்லாததால் அது சரியாக வரவில்லை. ஏதோ அதட்டுவது போல வந்தது.

வளர்மதி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இப்போது அவள் முகத்தில் அழுகை இல்லை. நான் கண்ணாடியில் தினமும் பார்க்கிற முகம் அது.

"மொதல்ல அந்தச் சட்டிய எடுங்க" என்றாள்.

எடுத்தேன். என் வீட்டுக்காரரிடம், "சார், நீங்க அந்தத் தட்டோட வெளிய போய் உக்காருங்க" என்றாள். அவர் தட்டோடு வெளியே போய், உட்கார்ந்து, சொல்ல வெட்கமாக இருக்கிறது, சாப்பிட்டு முடித்தார்.

ஐயர்தான் வழி சொன்னார். "எப்படியும் வெள்ளிக்கிழமை புண்ணியாகவாசனம் பண்ணப் போறோம். தோஷம் ஒண்ணும் நிக்காது. இப்ப நன்னா அலம்பி விடுங்கோ, மஞ்சள் தண்ணி தெளிச்சு விடுங்கோ" என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டு, வந்த ஆட்டோவிலேயே போய்விட்டார்.

அன்று மத்தியானம் முழுக்க அந்த வீட்டைக் கழுவினோம். நான், சவரிமுத்து, கை கழுவிவிட்டு வந்த என் வீட்டுக்காரர். ஜன்னலில் ஒட்டிய பிளாஸ்டிக்கைக் கிழித்துத் திறந்தோம். எலுமிச்சம்பழத்தை வெட்டி மேடையைத் தேய்த்தேன். வீட்டில் இடிந்து கிடக்கும் என் அடுப்படியில் மூன்று வாரமாக ஒரு விளக்குமாறுகூட நான் எடுக்கவில்லை. இங்கே டைல்ஸ் இடுக்கை எல்லாம் பழைய பிரஷ்ஷால் தேய்த்தேன். வளர்மதி இடுப்பில் கை வைத்து நின்று, "அந்த மூலையில" என்றாள். "இந்தப் பக்கம் விட்டுட்டீங்க" என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சல்படும் யோக்கியதை இல்லாமல் எரிச்சல்படுவது ஒரு தனி நரகம்.

அத்தோடு விட்டிருந்தாலும் தேவலை. கடைசியில் மஞ்சள் தண்ணீரைச் சவரிமுத்து மாவிலையால் தெளிக்கப் போனார். அவர் தெளிப்பது போதவில்லை என்று எனக்குப் பட்டது. பரிகாரம் என்றால் முழுசாக இருக்க வேண்டாமா? வாளியை வாங்கி நானே வீசினேன். வீசியது முழுவதும் எதிர்ச் சுவரில், முந்தின நாள்தான் இரண்டாவது கோட்டு அடித்து முடித்த வெள்ளைப் பெயின்ட்டில் போய் விழுந்தது. மஞ்சள் ஆறு கிளையாகக் கீழே இறங்கியது.

நான் வாளியைக் கீழே வைத்தேன்.

"கெளம்புங்க டீச்சர்" என்றாள் வளர்மதி. "தயவுசெஞ்சு கெளம்பிருங்க."

வீட்டுக்கு வந்ததும் நேராகக் கொல்லைக்குப் போய்ச் சாக்கை விலக்கினேன். கறுப்பில் பழுப்புப் புள்ளி. வெள்ளைக் கோடு. கோழிக்கால். அதன் மேல் என் ஈரத் துணிகளை நாலு நாளாக நானே காயப் போட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு வீட்டுக்காரரிடம் நான் என்ன பேசினேன் என்பது இங்கே தேவையில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் எழுதினால் நன்றாக இருக்கும், அவர்கள் முழுசாகக் கேட்டார்கள்.

சவரிமுத்து சொன்னபடி திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வந்து நின்றார். மஞ்சள் சுவருக்கு ஆவூரில் வேறு ஆளைப் பெயின்ட் அடிக்க வைத்துவிட்டு வந்திருந்தார். ஆறே நாளில் என் அடுப்படியை முடித்தார். கல்லைப் பதித்தார், சிங்க்குக்கு இடம் வெட்டினார், புது நிலை வைத்தார். என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்கப் பயம். அதனால் மிக்ஸிக்கான பிளக் பாயின்ட் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போய்விட்டது. இன்றைக்கும் சட்னி அரைக்க வேண்டுமென்றால் ஃபிரிட்ஜை நகர்த்த வேண்டும். நகர்த்தும்போதெல்லாம் கோபம் வருகிறது. யாரைத் திட்டுவது என்று தேடிப் பார்த்து, நகர்த்திவிட்டு அரைக்கிறேன்.

சனிக்கிழமை, வேலை முடியும் அன்று, ஆவூர் வீட்டுக் கதையையும் அவர்தான் சொன்னார். பால் நன்றாகப் பொங்கியதாம். வளர்மதிக்கு அப்போதுதான் உயிர் வந்ததாம். எல்லாருக்கும் பாலை ஊற்றிக்கொண்டிருக்கும்போது, குவைத்திலிருந்து வந்த அவள் வீட்டுக்காரர் மேடைப் பக்கம் போய் நின்று மூக்கை உறிஞ்சினாராம்.

"என்னமோ கருவாட்டு வாசம் வருதே" என்றாராம். வளர்மதி கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டதாம். அவர் இன்னொரு தடவை உறிஞ்சிவிட்டு, "இன்னைக்கு வைக்கப் போறியா?" என்று ஆசையாகக் கேட்டாராம்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் புது எண்ணிலிருந்து ஒரு போன். எடுத்தால் வளர்மதி. நலம் விசாரிப்பு எதுவும் இல்லை.

"அன்னைக்கு அதுல மாங்கா போட்டிருந்தீங்களா?" என்றாள்.

"ஆமா. பாதி மாங்கா, கொஞ்சம் புளிப்பானது."

"புளி?"

"ஒரு எலுமிச்ச அளவு. மாங்கா போட்டா அதுலயும் கொறைக்கணும்."

எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. "இவரு வந்ததுலேருந்து அந்தக் கொழம்பத்தான் கேக்குறாரு. நான் வைக்கிறது அந்த வாசம் இல்லையாம்" என்றாள். கொஞ்சம் நிறுத்தினாள். "இதக் கேட்டேன்னு மன்னிச்சுட்டேன்னு நெனச்சுறாதீங்க."

"இல்லங்க" என்றேன். போனை வைத்துவிட்டாள். நியாயமான கோபம். அதை நான் மதிக்கிறேன்.

கீரனூர் வட்டாரத்துக் கொத்தனார்களிடம் இந்தக் கதை எப்படிப் பரவியது என்று விசாரிக்க வேண்டியதில்லை. ஒரு வேலையை இழுத்தடிக்கும் ஆளிடம், "சட்டுன்னு முடிச்சுக் குடுப்பா, கணக்கு டீச்சரு அடுப்போட வந்துரப் போவுது" என்று சொல்கிறார்களாம். எங்கள் தெருவில் கழிவுநீர்க் குழாய் போட வந்த மேஸ்திரிகூட, என் வீட்டு எதிரில் தோண்டிய பள்ளத்தை மட்டும் அன்றைக்கே மூடிவிட்டுப் போனார். மற்ற வீடுகளுக்கு நாலு மாதம் ஆயிற்று.

போன வருஷம் பவித்ரா திருச்சியில் ஃபிளாட் வாங்கினாள். பால் காய்ச்சும் முகூர்த்தம் காலை ஆறு மணிக்கு. எனக்குப் போனில் எட்டு மணி என்று சொல்லியிருக்கிறாள். பெற்ற தாய்க்கு. விஷயம் என் வீட்டுக்காரர் வாய் தவறி வெளியே வந்தது. (சொல்ல வேண்டியதைச் சொல்லாத மனுஷர், சொல்லக் கூடாததை மட்டும் தவறாமல் சொல்லிவிடுவார்.) நான் முதல் பஸ்ஸைப் பிடித்து, ஐந்தரை மணிக்கெல்லாம் போய் ஃபிளாட் வாசலில் நின்றேன்.

மகள் முகம் வெளுத்துவிட்டது. சம்பந்தி வீட்டார் எழுந்து நின்றார்கள். மாப்பிள்ளை மட்டும் சிரித்த முகமாக ஓடி வந்தார். நல்ல பையன், மரியாதை தெரிந்தவர்.

"குடுங்க அத்த, கனமா இருக்கும்" என்று என் கைப்பையை வாங்கிக்கொண்டார். வாங்கியவர் ஒரு ஓரமாகத் திரும்பி நின்று, பையை வெளியிலிருந்தே மேலும் கீழும் அமுக்கிப் பார்த்தார். உள்ளே ஒரு மாற்றுப் புடவையும் ஒரு குடையும்தான் இருந்தன. பவித்ராவைப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று தலையை ஆட்டினார்.

அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முகூர்த்தம் என்பதால் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். பால் பொங்கி வழிந்த பிறகு, எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து விசாரித்தேன்.